கேட்டவர்க்கு மட்டும் திறந்த புத்தகம்

கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்பவரை நேர்மையானவர் என்று சொல்லலாமா? ஹோமர் க்விம்பியை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த சிறிய ரயில் நிலையம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக எல்லாமே அவர்தான். டிக்கெட் கொடுப்பார், தந்தி அடிப்பார், சரக்குக்குக் கட்டணம் சொல்வார். கட்டணப் புத்தகம் ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் காட்ட வேண்டும், ஏன் கேட்கிறாய் என்று விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். கட்டணம் ஏறுவதானால் முப்பது நாள் முன்பே புதிய தாள் வந்து அதில் சேர வேண்டும். ஹோமர் இதில் எள்ளளவும் பிசகியதில்லை.

தானிய வியாபாரி கார்வர் சனிக்கிழமைதோறும் வந்து புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் போவார்; விவசாயிகளுக்கு முன்பே கட்டணம் தெரிந்திருப்பதில்தான் அவருடைய லாபம். விவசாயிகளில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவின் பொஹீமியாவிலிருந்து குடியேறிய செக் இனக் குடும்பத்தினர். பழகிய மனிதரிடம் புத்தகத்தைக் காட்டு என்பது, உன் வாய்ச்சொல்லை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம் என்று நினைத்தார்கள்.

1910 செப்டம்பரில் மட்டேய் ஸ்லாமா ஜன்னலருகே வந்து நின்றார். இரண்டு வேகன் கோதுமை கையில் இருந்தது. அதை விற்றுப் பொஹீமியாவிலிருந்து தம்பியைக் கப்பலில் வரவழைக்க வேண்டும்.

"ஏம்ப்பா ஹோமர், இப்பவே அனுப்பிடவா? இல்ல, விலை ஏறட்டும்னு அடுத்த மாசம் வரைக்கும் பொறுக்கவா?"

அக்டோபரில் கட்டணம் ஏறுகிறது என்று சொல்லும் தாள் ஹோமரின் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எப்போது அனுப்பலாம் என்று யோசனை சொல்லும் நிலைய ஏஜென்ட் வேலையை இழப்பார் என்ற ரயில் கம்பெனியின் சுற்றறிக்கையும் அங்கேயே இருந்தது.

"பொஸ்தகம் இருக்கு மட்டேய். பாக்கணும்னா கேளு."

"போய்யா! நீ இருக்கறப்போ எனக்கெதுக்குப் பொஸ்தகம்? என்னைக் கார்வர்னு நெனச்சியா?"

சிரித்துக்கொண்டே போனார் ஸ்லாமா. ஹோமர் கூப்பிடவில்லை.

கோதுமை விலை ஏறவில்லை, கட்டணம் ஏறியது. கப்பல் டிக்கெட்டுக்கு இருந்த தொகையை அந்த உயர்வே விழுங்கிவிட்டது. தம்பியின் பயணம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. கோதுமையை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்த ஸ்லாமா கோபப்படவில்லை.

"விடு ஹோமர். உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டியா?"

ஹோமர் ரசீதில் முத்திரை குத்தினார். எனக்குத் தெரியும் என்று சொல்ல அது ஒரு வாய்ப்பு. அதையும் அவர் பயன்படுத்தவில்லை. சட்டத்தை மீறாத மனிதர் என்பது பாராட்டா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மார்ச்சில் அடுத்த தாள் வந்தது. காலை ரயிலுக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், ஸ்லாமாவும் கார்வரும் உட்பட. ஹோமர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நடைமேடையில் நின்று, யாரும் கேட்காமலேயே, புதிய தாளை உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"என்னய்யா, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா?" என்றார் கார்வர். "மேலிடத்துக்கு ஒரு தந்தி போதும், உன் வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தந்தி நான்தான் அடிக்கணும். எழுதிக் குடுங்க, அடிச்சிடறேன்."

கார்வர் எழுதிக் கொடுத்தார். ஹோமர் உள்ளே போய் ஓர் எழுத்தும் விடாமல் அதை அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். கோதுமைக்கான கட்டணத்தைப் படித்து முடித்து மக்காச்சோளத்துக்குப் போனார்.

"எதுக்கு ஹோமர் இதெல்லாம்?" என்று ஸ்லாமா மெதுவாகக் கேட்டார்.

ஹோமர் அடுத்த வரியைப் படித்தார்.