என் இருமலையும் சேர்த்து வாசித்தவள்

1. ஐந்து நட்சத்திரம்

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நான் புது வாத்தியார். பாடத்தை வாசித்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடுவேன். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்த்து அதையே வாசித்து அனுப்ப வேண்டும். கௌசல்யாவுடையது மட்டும் தண்ணீர்போல ஓடும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். யாராவது தடங்கலில்லாமல் வாசித்தால் மயங்கிவிடுவேன். ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

ஒருநாள் ஆற்றைப் பற்றிய பாடத்தின் நடுவில் அவள் இரண்டு முறை இருமினாள். காலம் அப்படி. சிப்காட் தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை செய்யும் அவள் அம்மா தேவிக்கு உடனே போன் போட்டேன்.

"பாப்பாவுக்கு இருமலாம்மா? டெஸ்ட் எடுத்துடுங்க."

"அய்ய, அது உங்க இருமல் சார்! நீங்க எங்க இருமினீங்களோ அங்கயே இதுவும் இருமுது. நாலு வாட்டி கேட்டா போதும், அப்படியே ஒப்பிச்சிடும்."

போனைக் கௌசல்யாவிடம் கொடுக்கச் சொல்லி, நான் வாசித்துக் காட்டாத வேறு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

2. யார் சோம்பேறி?

பள்ளி திறக்கப்போகும் செய்தி வந்ததும் தேவியே அழைத்தார்.

"ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுதுகினு கீது சார். எல்லாரும் சிரிப்பாங்களாம். சரியான சோம்பேறி. ஊட்லயே இருக்கட்டும்னு பாக்கறேன்."

இருமல்வரை மனப்பாடம் செய்பவளா சோம்பேறி? சிறப்புப் பயிற்சி தரும் மேடம் ஒருவரிடம் அவளை அனுப்பினேன். பல நாள் சோதித்துப் பார்த்து, டிஸ்லெக்சியா என்றார்.

"அறிவுல குறையே இல்ல. எழுத்தை ஒலியோட சேர்க்கறதுதான் அவளுக்குக் கஷ்டம். நீங்க காதுக்குப் பரீட்சை வெச்சு, கண்ணுக்கு மார்க் போட்டிருக்கீங்க சார்!"

தேவி வீட்டுக்குப் போய், "சோம்பேறி நான்தாம்மா. அந்த இருமலைக் கேக்கற வரைக்கும் ஒரு வாட்டிகூட வேற பக்கத்தை வாசிக்கச் சொல்லல" என்றேன்.

"அப்போ வாத்தியார்தான் ஃபெயிலா?" என்று சிரித்தவர், மகளைப் பார்த்தார். "சரி, அனுப்பறேன். ஆனா எல்லாரும் பாக்க இத்த எழுப்பி நிக்க வெச்சு வாசிக்க சொல்லாதீங்க."

சொல்லவில்லை.

3. புதுப் பாடம்

தினமும் வகுப்பு விட்டதும் அரைமணி நேரம். மணலில் எழுத்தை விரலால் எழுதுவாள், எழுதும்போதே அதன் ஒலியைச் சொல்லுவாள். பல மாதம் ஆனது. பிள்ளை சரளமாக வாசித்தால், புது வாத்தியார்களே, மயங்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். நான் தாமதமாகக் கற்றது அதுதான்.

ஒருநாள், நான் வாசித்தே காட்டாத பாடம் ஒன்றைப் பிரித்து வைத்தேன். விரல் வைத்து, எழுத்தெழுத்தாக, வியர்த்துப்போய், ஒரு முழு வரியை முடித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"சார், இதுல எங்க இருமணும்?"