ஆள் ஏத்திப் பாக்காத வண்டி

எங்க வீட்டுக்காரருக்கு டயர் கடைத் தெருவுல 'காதுக்காரர்'னு பேரு. காது பெருசுன்னு நெனச்சுக்காதீங்க, எல்லாருக்கும் இருக்கிற சைஸ்தான். அதுலயும் நான் கூப்பிட்டா மட்டும் கேக்கவே கேக்காது. ஆனா ஓடற வண்டியில டயர் எங்க உரசுதுன்னு தெருமுனையில நின்னுக்கிட்டே சொல்லிடுவாரு. கல்யாணமான புதுசுல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வெளியில ஒரு கார் போனாப் போதும், வாய்க்குப் போற கையை அப்படியே நிறுத்திட்டு, "முன்சக்கரம், இடது பக்கம்"பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். சமையல் எப்படி இருக்குன்னு ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை மனுஷன்.

எங்க டயர் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இளவட்டம். ஸ்போர்ட்ஸ் கார் வாங்கின சூட்டோட, கம்பெனி மாட்டிக் குடுத்த டயரைக் கழட்டிப் போட்டுட்டு அகல டயர் மாட்டணும்னு வந்து நிப்பாங்க. பார்க்க எடுப்பா இருக்குமாம், வளைவுல ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம். இவரு மாட்டிக் குடுப்பாரு, ஆனா மாட்டின உடனே அனுப்ப மாட்டாரு. சக்கரத்துக்கு மேல வளைஞ்சு வருதே மட்கார்டு, அந்தத் தகரத்தோட உள்ஓரம் மடிச்சு விட்டிருக்கும். வெறும் வண்டியா ஓடினா ஒண்ணும் தெரியாது. பாரம் ஏறி வண்டி அமுங்கினா, அகல டயர் அந்த மடிப்புல போய் உரசும், அந்தத் தகரம் கத்தி வச்ச மாதிரி டயரை அறுக்கும். அதனால, 'ஆள் ஏத்திப் பாக்கிறது'ன்னு எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. கடையில இருக்கிற தடியனுங்களைப் பின்சீட்டுல அடைப்பாரு. சும்மா டீ குடிக்க வந்தவனைக்கூட விட மாட்டாரு. வாசல் வேகத்தடையில வண்டியை ஏத்தி இறக்கச் சொல்லிட்டு, இவரு பக்கத்துலயே குனிஞ்சுக்கிட்டு ஓடுவாரு. சின்னதா ஒரு உரசல் சத்தம் கேட்டாலும் திரும்பக் கழட்டி, மடிப்பைச் சூடு பண்ணி உள்ள மடக்கிட்டுத்தான் சாவியைத் தருவாரு. பெயின்ட் போச்சேன்னு கார்க்காரன் குதிச்சா, "உயிர் போனா எங்க போய் வாங்குவே?"ன்னு ஒரே போடா போடுவாரு.

அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த மாப்பிள்ளை வண்டியில கோட்டை விட்டாரு.

எங்களுக்கு ஒரே பொண்ணு, பள்ளிக்கூடத்துல டீச்சர். மாப்பிள்ளை அதிர்ந்து பேசத் தெரியாத பையன். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு கார்தான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணை வாங்கி, பார்த்துப் பார்த்துப் பெயின்ட் அடிச்சு, உள்ள வெள்ளை வெளேர்னு சீட் தச்சு, "மாமா, அகல டயர் நீங்கதான் மாட்டணும்"னு கொண்டாந்து நிறுத்தினாரு. இவருக்குத் தலைகால் புரியலை. நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், நாலு சக்கரமும் மாட்டி முடிஞ்சிருந்தது. ஆள் ஏறறதுக்குக் கடைப் பசங்க கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாங்க.

"டேய் டேய், தள்ளிப் போங்கடா! கிரீஸ் டவுசரோட அந்த சீட்டுலயா உக்காரப் போறீங்க?"ன்னு விரட்டினாரு.

"பரவாயில்லை மாமா, உக்காரட்டும். துடைச்சுக்கலாம்"னு மாப்பிள்ளையே சொன்னாரு.

"ஐயோ, நல்லாவா இருக்கும் மாப்பிள்ளை? பின்னாடி யாரு உக்காரப் போறா, நீங்க ரெண்டு பேருதானே?"

மாப்பிள்ளை மட்டும் ஓட்டினாரு. வேகத்தடையில ஏறி இறங்கிச்சு, ஒரு சத்தமும் இல்லை. இவரு சிரிச்சுக்கிட்டே பானெட்டைத் தட்டி அனுப்பி வச்சாரு.

கொஞ்ச நாள்ல அவங்க வேற வீட்டுக்குக் குடி மாறினாங்க. சாமானெல்லாம் லாரியில போயிடுச்சு. என் பொண்ணோட புத்தகப் பெட்டிகள் மட்டும் மிச்சம். அதைப் பின்சீட்டுல கூரை வரைக்கும் அடுக்கிக்கிட்டுக் கிளம்பியிருக்காங்க. புது வீட்டுச் சாவியை வச்சிருக்கிறவரு வெளியூர் கிளம்பறாருன்னு போன் வர, "கொஞ்சம் சீக்கிரம் போங்களேன்"னு இவ சொல்லியிருக்கா. அவரும் அழுத்தியிருக்காரு. பாலத்துக்கு முன்னாடி ரோடு பள்ளமா இறங்குற இடத்துல பின்டயர் வெடிச்சு, வண்டி சுத்திப் போய்ச் சுவத்துல மோதிச்சு. மாப்பிள்ளை அங்கேயே போயிட்டாரு. இவளுக்குக் கை மட்டும் முறிஞ்சது.

அதிவேகம்னு போலீஸ்ல முடிச்சுட்டாங்க. சம்பந்தியம்மா அத்தனை பேரு முன்னாடி என் பொண்ணைப் பார்த்து, "உன் அவசரம் என் பிள்ளையை முழுங்கிடுச்சே!"ன்னு கத்தினாங்க. பெத்த வயிறு, நான் எப்படிக் கோவிச்சுக்க முடியும்? ஆனா அந்த வார்த்தையை இவ கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. எங்க வீட்டுக்கு வந்து படுத்தவ எழுந்திரிக்கலை. ஊட்டினாலும் துப்பினா. "நான்தாம்மா விரட்டினேன், நான்தான் கொன்னுட்டேன்"னு அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தா. குளியலறைக் கதவை உள்ள பூட்ட விடாம நான் வாசல்லயே உக்காந்திருந்தேன்.

இதுக்கு நடுவுல, வண்டியில இருந்த புத்தகங்களை எடுத்துட்டு வர்றேன்னு இவரு ஸ்டேஷனுக்குப் போனாரு. வெறுங்கையோட திரும்பி வந்தாரு. அடுப்படியில என் பக்கத்துல வந்து தரையில உக்காந்தாரு.

"மடிப்புதான்டி. டயரைச் சுத்தி வட்டமா அறுத்திருக்கு. அந்தப் பாரத்தோட மெதுவாப் போயிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

எனக்கு ஆத்திரம் கண்ணை மறைச்சது. கையில இருந்த கரண்டியை வீசி அடிச்சேன். "ஊரான் வண்டிக்கெல்லாம் பார்த்தீங்களே, பாவி மனுஷா! மாப்பிள்ளைக்கு மரியாதை பண்றேன்னு அவரையே அனுப்பி வச்சுட்டீங்களே!"

அவரு அந்தக் கரண்டியை எடுத்து ஓரமா வச்சாரு. "அவகிட்டச் சொல்லிடட்டுமா?"ன்னாரு.

நான் என்னத்தைச் சொல்ல? சொன்னா அவ முகத்துல இவரு இனிமே முழிக்க முடியாது. சொல்லலைன்னா பொண்ணு எங்களுக்கு மிஞ்ச மாட்டா. இந்த வீட்டுல அவளுக்கு ரொம்பப் பிடிச்சது அப்பாதான், நான் எப்பவும் அப்புறம்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சொல்லுங்க"ன்னேன். சொல்லும்போது அழுகை வந்துடுச்சு.

அவ கட்டில் ஓரமா நின்னுக்கிட்டுச் சொன்னாரு. சுத்தி வளைக்கலை. "உன் மேல தப்பில்லைம்மா. அப்பா ஆள் ஏத்திப் பாக்கலை. அந்த டயர் எப்படியும் வெடிச்சிருக்கும்."

எழுந்து உக்காந்தா. ரொம்ப நாளைக்கு அப்புறம் நேரா நிமிர்ந்து பார்த்தா.

"பின்னாடி ஏதோ உரசற சத்தம் கேட்டுச்சுப்பா. என்னங்க சத்தம்னு கேட்டேன். மாமா மாட்டினது, ஒண்ணும் ஆகாதுன்னாரு."

இவரு கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. அவ அழலை. என்னைத்தான் பார்த்துக் கேட்டா: "இதை எதுக்கும்மா சொல்ல விட்டே? என்னாலதான்னு இருந்தப்ப, எனக்கு அப்பாவாவது இருந்தாருல்ல."

அன்னைக்குச் சாயங்காலம் தானா எழுந்து, தட்டை எடுத்துப் போட்டுச் சாப்பிட்டா. மறுவாரம், கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி வீட்டுக்குப் போய்த் தங்கிக்கிட்டா. இப்ப பள்ளிக்கூடம் போறா, உடம்பு தேறியிருக்கு. எனக்குப் போன் பண்ணுவா. பேச ஆரம்பிச்சதும் இவரு வேலையைப் போட்டுட்டுப் பக்கத்துல வந்து நின்னுக்குவாரு. "அப்பாகிட்டக் குடுக்கட்டுமாடி?"ன்னு ஒவ்வொரு தடவையும் நானும் கேக்கறேன். இவரு கையை நீட்டறதுக்குள்ள போனை வச்சிடறா.