பிளாப்பியில் இருந்த குரல்

இன்று ஆபீஸ் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றது. யாரோ பென் டிரைவை எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு கம்ப்யூட்டரும் ஒருநாள் இப்படித்தான் நின்றது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். குவைத்தில் வேலை பார்த்த அத்தாவிடமிருந்து போன் வருவது நின்றுபோயிருந்த சமயம். மெயிலாவது வந்திருக்கிறதா என்று பள்ளிவிட்டு வந்ததும் பார்ப்பேன். பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் முதலில் மெமரியைச் சரிபார்க்கும். அடுத்து, அந்தக் காலத்துப் பென் டிரைவான பிளாப்பி இருக்கிறதா என்று டிரைவைக் கரகரவென்று தேடும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால்தான் ஹார்ட் டிஸ்க்குக்குப் போய் விண்டோஸை எழுப்பும். அன்று கரகரப்போடு நின்றுவிட்டது.

"அதுவும் போச்சா?" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

டிரைவில் ஒரு பிளாப்பி இருந்தது. ஊருக்கு வந்த ஒருவரிடம் அத்தா தன் குரலைப் பதிந்து கொடுத்தனுப்பியது. "நல்லாயிருக்கேன். இன்ஷா அல்லாஹ் நோன்புக்கு வந்துடுறேன்." நோன்பு வந்து போய்விட்டது. அதன்பிறகு பிளாப்பி பீரோவில் புடவைகளுக்கு அடியில்தான் கிடந்தது.

"இத யாரும்மா போட்டது?"

"எனக்கென்ன தெரியும்? ஷாக்கடிக்கும்னு நான் அதத் தொடுறதே இல்ல."

பிளாப்பியை எடுத்ததும் விண்டோஸ் வந்தது. மெயில் வரவில்லை.

மறுநாளும் கம்ப்யூட்டர் அதே இடத்தில் நின்றது. இந்த முறை பிளாப்பியை எடுத்துப் போய், புடவைகளுக்கு மேலேயே, அம்மா கண்ணில் படும்படி வைத்தேன்.