முகட்டுக்கு மேல் இரண்டு முழம்

அந்த வீட்டில் அடுப்பு பற்றவைத்த முதல் நாளே எனக்குத் தலை சுற்றியது. யுத்த காலம். என் கணவருக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. இருட்டடிப்புக்காகச் சமையலறை ஜன்னலைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். கூரையில் புகைக்குழாய் இருந்த இடத்தை ஓடு போட்டு மூடியிருந்தார்கள். உடைமர விறகின் புகை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றி வந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். "ஏளா, கதவைச் சாத்திட்டுச் சமைக்காத. ஒனக்கு முன்னால இருந்த பிள்ள, நெறமாசக்காரி, அப்பிடித்தான் மூச்சு முட்டிச் செத்துப்போனா. மழைக்குக் கதவைச் சாத்திருக்கா. கொழாய் அடைச்சிருந்தது அவளுக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு குனிந்து ஊதும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் யாரோ இருமுவது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் கரி படிந்த சுவர்தான். பகலிலும் தனியாக உள்ளே போக மாட்டேன். கணவர் வீட்டுக்காரரிடம் பேசி, புதுக்குழாய் வைக்க ஆள் வரச்செய்தார்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நீராவிப் படகில் கொதிகலனுக்குக் கரி போட்டு, ஆட்களுக்குச் சமைத்தும் போட்டவர். சமையலறை வாசலோடு நின்றுவிட்டார்.

"அடுப்பு அங்கனயேதான் இருக்கா?" என்று கேட்டார்.

"முன்னமே வந்திருக்கியளா, அண்ணாச்சி?"

"இங்கனதான் இருந்தோம்."

அவராகவே சொன்னார்: "பழைய கொழாய நாந்தான் வச்சேன். முகட்டவிடத் தாழ்த்தி வச்சிட்டேன். மழைத்தண்ணி உள்ள எறங்கிச்சு. சாக்க உருட்டி மேல அடைச்சிட்டுப் படகுக்குப் போயிட்டேன். எம் பொஞ்சாதிட்ட சொல்லல."

வேறு ஆளைப் பார்க்கலாம் என்று கணவர் மெதுவாகச் சொன்னார். அவர் கேட்கவில்லை. "நானே வைக்கேன், சார்" என்றார்.

மூன்று நாள் வேலை. குழாயை எங்கும் வளைக்காமல் நேராக ஏற்றினார். மேல் துண்டின் வாய் கீழ்த் துண்டுக்குள் இறங்கும்படி பொருத்தினார். அப்போதுதான் புகைக்கசடு வெளியே வழியாதாம். கூரை ஓடுகளைத் துளைத்த இடத்தில் அவற்றைத் தாங்கும் கைமரத்தை ஒரு சாணுக்கு மேல் வெட்டி விலக்கி, நடுவில் இரும்புத் தகடு வைத்தார். "சூடான கொழாய் மரத்தத் தொடப்பிடாது. இன்னைக்குத் தீ பத்தாது, ஒருநா பத்தும்." முகட்டுக்கு மேல் இரண்டு முழம் உயர்த்தி, நாலு பக்கமும் காற்றோட இடம் விட்டுத் தொப்பி மாட்டினார். அடியில் கரி வழித்தெடுக்க ஒரு சின்ன மூடி. கடைசியாக ஜன்னல் பலகையைப் பெயர்த்தார். "வெளிய போறதுக்கு வழி விட்டா மட்டும் பத்தாது. உள்ள காத்து வரணும்." இருட்டடிப்புக்குக் கறுப்புத் துணித் திரை போதும் என்றார்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஈரமான தேங்காய் மட்டையை அடுப்பில் திணித்துப் பற்றவைத்தார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் சத்தமே இல்லை. என்னால் பொறுக்க முடியவில்லை, கதவைத் தள்ளினேன். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அறையில் புகையே இல்லை. ஆனாலும் அவர் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"மூச்சு முட்டலம்மா. இங்கன இருந்தா ஒண்ணும் செய்யாது" என்றார்.

மறுவருஷம் மழைக்கு முன்னால், கூப்பிடாமலே வந்தார். மேலே ஏறித் தொப்பியைக் கழற்றி, குழாய்க்குள் கயிற்றில் தென்னந்துடைப்பத்தைக் கட்டி இறக்கித் துடைத்தார். இறங்கி வந்தபோதுதான் என்னைப் பார்த்தார். எனக்கு எட்டு மாதம். அவர் முகம் வெளிறிவிட்டது. வாடைக்காற்று ஏற்கெனவே கிளம்பி, முதல் தூறல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"அடுப்பு பத்தவச்சிட்டியளா?"

"இல்லை அண்ணாச்சி, இனிமேதான்."

"நீங்க இங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். படகில் பலருக்குச் சமைத்துப் பழகிய கை. அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு வடித்தது அவர்தான்.