பின் மாறும், கரண்டு மாறாது

எழுத்துகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோர் வகுப்பில் எழுதப் படித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கையால் எழுதிப் படம் எடுத்து நம் ஊர்க் குழுவில் போடுகிறேன்.

கோபம் இன்னும் அடங்கவில்லை.

மனைவிக்கு முட்டுவலி. குளியலறைச் சுவரில் பிடித்து நடக்க ஒரு கம்பி பொருத்த வேண்டும். மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிரில் மெஷின் இருந்தது. அதன் வயர் முனையிலுள்ள பின் நம் பிளக் பாயிண்டில் நுழையவில்லை. எல்லை தாண்டி, கேரளத்துப் பாறசாலைக் கடையில் அடாப்டர் வாங்கினேன்.

"இதைச் சொருகினா இங்கயும் ஓடும் பாட்டா" என்றார் கடைக்காரர்.

ஓடியது. பேய் பிடித்ததுபோல் ஓடி, புகைந்து, செத்துப்போனது. அங்கே கரண்டு நூற்றிருபது வோல்ட்டாம். இங்கே இருநூற்று முப்பது.

இன்று போய்க் கேட்டேன்.

"பின்னை மட்டுந்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாதுன்னு பெட்டியில எழுதியிருக்குல்லா. வாசிக்கத் தெரியாதா பாட்டா?"

என்னிடம் போய் இதைக் கேட்டுவிட்டார்!

"எலே மக்கா, எனக்கு வாசிக்கத் தெரியும். அது இங்கிலீஷாக்கும். தமிழிலே எழுதி வையி."

"நீங்களே எழுதி ஒட்டுங்க" என்று சிரித்தார்.

அட்டை வாங்கி, அங்கேயே நின்று ‘பின் மாறும், கரண்டு மாறாது’ என்று எழுதி ஒட்டினேன். ஆட்கள் காத்து நின்றார்கள். அடாப்டர் கேட்டு நின்ற ஒரு பெண் அதை வாசித்துவிட்டு, "அப்ப எனக்கு வேண்டாம்" என்று போய்விட்டாள்.

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. "எழுத்து கோணலா இருக்கு பாட்டா, கிழிச்சிரட்டா?"

கிழிக்கட்டும். அடுத்த வாரம் வகுப்பில் மலையாள எழுத்து தொடங்குகிறது. இரண்டிலும் எழுதிக்கொண்டு போவேன்.

அதுவரை, நம் கரண்டில் ஓடும் டிரில் யாரிடமாவது உண்டா? கம்பி மூலையில் கிடக்கிறது.