போர்டில் பொறித்த ஊர்ப் பெயர்

பழுது பார்ப்பவனை ஊர் தேடி வரும், புதிதாக ஒன்றைச் செய்தவனைப் பார்த்து "உனக்கு ஏன்யா இந்த வேலை?" என்று கேட்கும். அதுவும், தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்ட கம்ப்யூட்டருக்குப் புது சர்க்யூட் போர்டு வடிவமைத்தவன் கதியைக் கேட்கவே வேண்டாம். என்னைப் போல வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் எனக்கு டி.வி. ரிப்பேர் கடை. டி.வி.யில் மாட்டுகிற அந்தச் சின்னக் கம்ப்யூட்டரும் பழுதுக்கு என்னிடமே வரும். ஒவ்வொரு முறையும் டேப் ரெக்கார்டரிலிருந்து புரோகிராம் ஏற வேண்டும். கீச்சென்று காதைக் கிழிக்கும். ஏறி முடிவதற்குள் கரண்ட் போய்விடும். பின்னால் செருகினால் உடனே புரோகிராம் வந்து நிற்கிற மாதிரி ஒரு போர்டு செய்தேன். அதன் செம்புத் தகட்டில் 'கே. தணிகாசலம், திருவண்ணாமலை' என்றும் பொறித்தேன். அதைப் பார்த்து நாலு பேர் என்னைத் தேடி வர வேண்டும் என்பதுதான் ஆசை.

கிரகம் பேசும் சத்தம்

முதல் போர்டை வாங்கியவர் அடி அண்ணாமலை ஜோசியர் ஏகாம்பரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் சொல்வார். மறுநாளே போர்டும் கையுமாக வந்துவிட்டார். அது சத்தமில்லாமல், காக்க வைக்காமல் வேலை செய்கிறது என்பதுதான் புகார். ராப்பகலாக உழைத்து எந்தச் சத்தத்தை ஒழித்தேனோ, அதே சத்தத்தைப் போட ஒரு ஸ்பீக்கரும், வேண்டுமென்றே தாமதமும் சேர்த்துக் கொடுத்தேன். என் வயிற்றெரிச்சல் அவருக்குப் புரியவில்லை.

"அந்த சத்தத்தத்தான் தம்பி, கிரகம் பேசுதுன்னு ஜனங்க கை கூப்பி நிக்குது. உடனே வந்துட்டா எவன் நம்புவான்?"

சிங்கப்பூர்

கீழ்பென்னாத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர் போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது, எல்லா மெஷினுக்கும் வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: பெயரைச் சுரண்டிவிட வேண்டும். "சிங்கப்பூர்னு போட்டுக் குடுங்க. நம்ம ஊர்ல செஞ்சதுன்னா பசங்களே சிரிப்பானுங்க."

முடியாது என்றேன். ரோஷம். அவர் எழுந்து போய்விட்டார். கடையில் எனக்குச் சரிசமமாக உட்கார்ந்து பற்றவைப்பு வேலையெல்லாம் செய்தவள் என் மனைவி செல்வி. சூடான சால்டரிங் கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னாள்.

"பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு எங்க அப்பா சொல்வாரு. பேருதான் பெருசு, குடிக்கத் தண்ணியில்லன்னு அர்த்தம். உங்களப் பாத்துதான் சொல்லியிருக்காரு."

ஆயுத பூஜை

சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஏகாம்பரம் ஓடி வந்தார். சுவிட்சைப் போட்டதும் போர்டில் புகை! கழற்றிப் பார்த்தால் போர்டு முழுக்க ஈரச் சந்தனம், மேலே குங்குமம். மின்சாரம் ஓடுகிற கம்பிகளையெல்லாம் சந்தனம் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் ஆக்கியிருந்தது. அவருக்கு மாற்றிக் கொடுத்த போர்டுக்கும், அதற்குப் பிறகு செய்த போர்டுகளுக்கெல்லாமும், பெயர் தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் மூடி போட்டேன், பொட்டு வைக்கத் தோதாக. உலகத்தில் வேறு எந்த டிசைனருக்கும் இந்தத் தேவை வந்திருக்காது. 'ஏன் சாமி இப்படிச் செஞ்சீங்க?' என்று அன்று கேட்டபோது, அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார்.

"எல்லா ஆயுதத்துக்குந்தான் வச்சேன். உன் போர்டுல அண்ணாமலையார் ஊர் பேரே இருக்குது, அதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வச்சேன்."

என் பெயரும் அதே வரியில் இருந்தது. அது அவர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

ஒரிஜினல்

இரண்டாயிரமும் பிறந்தது. பெரிய கம்ப்யூட்டர்கள் வந்து என் போர்டுக்கு வேலையில்லாமல் போனது. நான் செல்போன் சார்ஜருக்கு ஒயர் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஏகாம்பரம், மஞ்சள் துணியில் எதையோ சுற்றி எடுத்து வந்தார். பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், ஆசிரமத்துக்கு வந்த இடத்தில் இவருடைய மெஷினைப் பார்த்துக் குதித்து, விலைக்கே வாங்கிக்கொண்டாராம். கடைசியில், விஷயம் தெரிந்த ஒருவர் கண்ணில் என் வேலை பட்டுவிட்டது! "என் போர்டைப் பார்த்து என்ன சாமி சொன்னாரு?" என்றேன். குரலில் வழிந்த ஆவல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் துணியைப் பிரித்தார். என் போர்டு. மூடியில் காய்ந்த சந்தனம்.

"ஒரிஜினல் மட்டுந்தான் வேணுமாம். பின்னாடி ஒட்டவச்சதெல்லாம் வேணாம்னு இதப் புடுங்கிக் குடுத்துட்டாரு. ஊர் பேர் இருக்கே, குப்பையில போட மனசு வரல. நீயே வச்சுக்கப்பா."

பெயரைப் பார்த்து யாராவது தேடி வருவார்கள் என்றுதான் பொறித்தேன்; வழி தவறாமல் தேடி வந்தது அந்த போர்டு மட்டும்தான்.