இன்னும் இரண்டு வீடு பாக்கி

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. இடம், தச்சநல்லூரில் அரிசிக் கடைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பொட்டல். முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு நான் ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் நடந்ததை இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. படபடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் ஊர் ஊராக 'சைக்கிள் சுற்றுவது' என்று ஒன்று நடக்கும். பொட்டலின் நடுவே கம்பு நட்டு, உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியிருப்பார்கள். ஒருவர் காலைத் தரையில் ஊன்றாமல் வட்டமடித்துக்கொண்டே இருப்பார். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிளிலேயே. அதைத் தொழிலாக வைத்து ஏரல் வரைக்கும் ஆற்றோரத்து ஊர்களில் சுற்றிய ஒருவர், அன்று தன்னுடைய ஊரின் குடிதண்ணீருக்காகச் சுற்ற வந்திருந்தார்.

அவருடைய ஊர் வடக்கே, பஸ் போகாத பனங்காட்டுக்குள் இருந்தது. மொத்தம் நாற்பத்தொரு வீடு. நானே நேரில் போய் எண்ணினேன். ஓடையில் தோண்டிய ஒரே ஒரு ஊற்றுதான் அத்தனை பேருக்கும். கலங்கலாக, சொட்டுச் சொட்டாக ஊறும். குழந்தைகளுக்கு எப்போதும் வயிற்றுக் கோளாறு. குடிக்க ஒரு செம்பு கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த காய்ச்சிய தண்ணீரை எடுத்துக் குடித்தேன். தாமிரபரணித் தண்ணீரையே காய்ச்சிக் குடிக்கிற ஆள் நான்.

ஒன்றேகால் மைல் தள்ளி ஒரு தோட்டக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. தோட்டக்காரர் தரச் சம்மதித்துவிட்டார். கூட்டம் துண்டில் போடுகிற பணம் குழாய் பதிக்கிற கூலிக்கு. மோட்டாரையும் குழாயையும் தருவதாகச் சொன்னவர் எங்கள் அரிசிக் கடை அண்ணாச்சி. ஆனால் ஒரு நிபந்தனை. காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குள் அறுநூறு சுற்று. கால் தரையில் பட்டாலோ, ஒரு சுற்று குறைந்தாலோ ஒன்றும் கிடையாது. வேறு யாரையும் நம்பமாட்டேன் என்று சொல்லி, எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. படியேறினால் படியை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். முதல் நாள் சாயங்காலமே அறுநூறு புளியங்கொட்டையை மூன்று தடவை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். ஒரு சுற்று முடிந்தால் ஒரு கொட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். முதல் டப்பா காலியானால் அறுநூறு. குடை, இரண்டு கைக்கடிகாரம், காய்ச்சிய தண்ணீர், விளையாட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கிய விசில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஐந்தே முக்காலுக்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இயற்கை உபாதைக்கு என்ன செய்வீர் என்று சைக்கிள்காரரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறிவிட்டார். அந்தக் கவலையும் எனக்குச் சேர்ந்துகொண்டது.

மணிக்கு ஐம்பது சுற்று போனால்தான் கணக்கு சரியாகும். முதல் மூன்று மணி நேரத்தில் நூற்று அறுபத்திரண்டு போனார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பத்து மணிக்கெல்லாம் கூட்டம் நெரிந்தது. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் இட்லி சாப்பிட்டார். சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டார். அவருடைய அக்கா வட்டத்தின் ஓரத்தில் நின்று செம்பை நீட்ட, ஓடுகிற ஓட்டத்திலேயே வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டார். துண்டு ஏந்திப் போனவர்கள் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

அந்த அக்காவோடு அவர்கள் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர் வந்திருந்தார்கள். நாள் முழுவதும் வேப்பமரத்தடியில் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இங்கே ஊரின் தண்ணீரே தொங்கலில் கிடக்கிறது, இவர்கள் தட்டாங்கல் ஆடுகிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு மணி வெயிலில் ஒரு ஆடு வந்தது. எங்கிருந்தோ அவிழ்த்துக்கொண்டு வந்து, நேரே சக்கரத்துக்குக் குறுக்கே பாய்ந்தது. சைக்கிள் ஒரேயடியாகச் சாய்ந்தது. அவருடைய இடது கால் தரைக்கு நான்கு விரற்கடை உயரத்தில் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அலறிக்கொண்டு எழுந்தேன். மனிதர் எப்படியோ உடம்பை வளைத்து நிமிர்ந்துவிட்டார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன், இரவல் விசிலில். திரும்பிப் பார்த்தால் முதல் டப்பா என் முழங்கை பட்டு மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. சட்டென்று குனிந்து கொட்டைகளை அள்ளிப் போட்டேன். எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவருக்குக் கால் தளர ஆரம்பித்தது. நான்கு மணிக்குக் கணக்கில் பத்து சுற்று பின்தங்கிவிட்டார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் டப்பாவைப் பார்ப்பதுமாகத் தவித்தேன். கூட்டம் கூடவே ஓடி உற்சாகப்படுத்தியது. மெல்ல மெல்ல விட்டதைப் பிடித்தார். ஐந்து ஐம்பத்தைந்துக்கு முதல் டப்பாவில் கடைசிக் கொட்டையை எடுத்தேன். அடுத்த டப்பாவில் போட்டு, விசிலை ஊதி, "அறுநூறு!" என்று கத்தினேன். பொட்டலே ஆர்ப்பரித்தது. சைக்கிள் வேகம் குறைந்து என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. இறங்குவதற்காக அவர் காலை எடுத்தார்.

"ஏலே, கால ஊனிராத!"

அக்காதான். வேப்பமரத்தடியிலிருந்து ஓடி வந்தார். "இன்னும் ரெண்டு வீடு பாக்கி கெடக்கு."

கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. நின்ற இடத்திலேயே சைக்கிளை நிறுத்தி வைப்பதும் அவர் வித்தைகளில் ஒன்றுதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தொடை வெடவெடவென்று ஆடியது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவனிடம் வந்து தப்பு சொல்வதா என்று கேட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. மரத்தடியைக் கையால் காட்டினார். அவர்கள் ஆடியது தட்டாங்கல் இல்லை. கூழாங்கற்கள் வரிசை வரிசையாக இருந்தன. வரிசைக்கு நாற்பத்தொன்று. ஊற்றில் முறை வைத்து வீட்டுக்கு ஒரு குடம் எடுக்கும்போது, குடத்துக்கு ஒரு கல் வைப்பது அவர்கள் வழக்கமாம். அதே போல இங்கே ஒரு சுற்றுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

"ஊரு முச்சூடும் பதினாலு மொற வந்தாச்சு சார்வாள். அதுக்கு மேல இருவத்தாறு வீடுன்னா அறுநூறு. இருவத்து நாலு வீட்டுக்குத்தான் வந்திருக்கு."

பதினான்கு நாற்பத்தொன்று ஐந்நூற்று எழுபத்து நான்கு. இருபத்து நான்கைக் கூட்டினால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மனசு அதைப் போட்டு முடித்த நொடியில் ஆடும் கவிழ்ந்த டப்பாவும் ஞாபகம் வந்தன.

அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். அவருக்கே மனசு இளகிவிட்டது. "என்ன வே, ரெண்டு சுத்துதான. நான் ஒத்துக்கிடுதேன். அவன் எறங்கட்டும், பாவம்."

அந்த அம்மாள் தலையை ஆட்டினார். "வேண்டாம் அண்ணாச்சி. எங்க ஊத்துல ஒரு கல்லு தப்புனா, ஒரு வீட்டுல அன்னைக்கு உல வைக்க முடியாது. தப்பாக் கல்லு வச்சு நாங்க தண்ணி எடுத்ததில்ல."

அந்தத் தண்ணீர் கைநழுவிப் போனால் ஊரிலேயே அதிகம் வலிக்கக்கூடியவர் அவர்தான். பிறகுதான் தெரிந்தது, முந்தைய கோடையில் வயிற்றுப்போக்கில் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்தவர் என்று.

என் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தேழு. மற்றொன்றிலும் அதேதான். அப்போது நான் செய்த காரியம் இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை. விசிலை எறிந்துவிட்டு, "ஓட்டும் வே, ஓட்டும்!" என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். வேட்டியை மடித்துக் கட்டி, ஐம்பத்தெட்டு வயசில், முழங்கால் வலியோடு. அந்தப் பெண்கள் ஓடினார்கள். அண்ணாச்சி தொந்தியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பொட்டல் முழுக்கப் புழுதி. முதல் சுற்றில் அவர் இரண்டு தடவை சாய்ந்தார், இரண்டு தடவையும் நிமிர்ந்தார். இரண்டாவது சுற்றில் எழுந்து நின்று மிதித்தார். நாற்காலியைத் தாண்டியபோது நான் மூச்சு வாங்கிக்கொண்டு மணி பார்த்தேன். ஆறு ஆவதற்குப் பதினோரு விநாடி இருந்தது.

அக்கா இரண்டு கல்லை வைத்துவிட்டு, "இப்ப எறங்குல, பைய எறங்கு" என்றார். இறங்கியவரால் நிற்க முடியவில்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். அண்ணாச்சி வெளிப்படையாக அழுதார். நான் நாற்காலிக்கு அடியில் மண்ணைக் கிளறினேன். அதன் பின்னங்காலை ஒட்டி இரண்டு புளியங்கொட்டைகள் புதைந்து கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாளிடம் காட்டி, கணக்கில் என் மேல்தான் தப்பு என்று சொன்னேன். "ஆடு செஞ்ச வேலைக்கு நீங்க என்ன செய்வீக" என்று சிரித்தார்.

நான்காவது மாதம் குழாயில் தண்ணீர் வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தண்ணீர் பீறிட்டு வந்தபோது குழந்தைகள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது. எல்லோரும் முண்டியடிப்பார்கள் என்று பயந்து நான் ஓரமாக நின்றேன். ஒருவரும் முண்டவில்லை. அக்கா கையைக் காட்ட, கூட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் மட்டும் குடத்தோடு முன்னால் வந்தார்கள். யார் என்று கேட்டேன். இருபத்தைந்தாவது வீடும் இருபத்தாறாவது வீடுமாம். கடைசி இரண்டு சுற்று அவர்களுக்காகத்தானே ஓடியது.

அவர்கள் நிரப்பிப் போன பிறகு எனக்கு ஒரு செம்பு நீட்டினார்கள். பையில் காய்ச்சிய தண்ணீர் இருந்தது. அதைத் திறக்காமல், செம்பை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன், எண்ணுகிற பழக்கம் போகவில்லை. ஆனால் எண்ணி முடித்ததும், யாருடைய வீடாவது விட்டுப்போயிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது, அன்று வேப்பமரத்தடியில் இருந்த அந்தக் கூழாங்கல் வரிசைதான்.